கை நனைக்காத வேட்டை

ஜூன் 3, செவ்வாய்

இந்த டைரி பெயிண்ட் கடையில் இனாமாகக் கொடுத்தது. இத்தனை நாளும் அலமாரியில் சும்மா கிடந்தது. எனக்கு மறந்துபோகும் என்பதற்காக எழுதவில்லை. எனக்கு எதுவும் மறக்காது. மற்றவர்களுக்குத்தான் மறந்துபோகிறது. நாளைக்கு யாராவது வந்து அப்படி எதுவும் நடக்கவில்லையே என்றால் எடுத்து நீட்டுவதற்கு ஆகும். ஐந்தாம் வகுப்போடு என் படிப்பை நிறுத்திவிட்டார்கள். யார் நிறுத்தியது என்றும் தெரியும். அதை இன்னொரு நாள் எழுதுகிறேன்.

நேற்றுக் காலையில் மருமகள் பொன்சுதா சங்கரன்கோவிலுக்கு, அவள் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். அம்மாவுக்குக் காய்ச்சலாம். காய்ச்சல் பார்க்கப் போகிறவள் சர்ட்டிபிகேட் ஃபைலையும் எடுத்துக்கொண்டா போவாள்?

விஷயம் இதுதான். சுதா பாளையங்கோட்டையில் ஒரு ரத்தப் பரிசோதனை லேபில் வேலை பார்த்தவள். எனக்கு முழங்கால் ஆபரேஷன் ஆனபோது வேலையை விட்டாள். போன வாரம் லேபில் இருந்து திரும்பக் கூப்பிட்டிருக்கிறார்கள். ஜூலை ஒன்றாம் தேதி சேர வேண்டும். சேராவிட்டால் வேறு ஆளைப் போட்டுவிடுவார்கள். சாப்பாட்டு மேஜையில் வைத்து என் மகன் சேர்மதுரையிடம் சொன்னாள்.

"நீ போயிட்டா அம்மாவ யாரு பாப்பா?" என்றான் அவன். "அம்மாவால மாடிப்படி எறங்க முடியுமா? ஒரு கரண்டி புடிக்க முடியுமா?"

"கரண்டிய முழங்காலாலயா புடிப்பாவ?" என்றாள் சுதா.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டேன். நான் பக்கத்திலேயே சோபாவில் உட்கார்ந்திருந்தேன். என்னை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்காத இடத்தில் நான் வாய் திறப்பதில்லை. கூப்பிடாத இடத்துக்குப் போவதும் இல்லை.

வாசலில் பையைத் தூக்கிக்கொண்டு, "கூப்பிட்டா வாரேன்" என்று சொல்லிவிட்டுப் போனாள். துரை செருப்பு மாட்டிக்கொண்டிருந்தான். நான் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவனிடம்தான் சொல்லியிருப்பாள்.

கையில் வைத்து விளையாடுகிற அவளுடைய சின்ன கேம் பெட்டியையும் எடுத்துக்கொண்டு போய்விட்டாள். டி.வி.யில் போடுகிற பெரிய பெட்டி இங்கேதான் இருக்கிறது.

ஜூன் 4, புதன்

சாம்பார் பொடி, இட்லிப் பொடி, மஞ்சள் பொடி எல்லா டப்பாவும் கழுத்துவரை இருக்கிறது. யோசித்துத்தான் போயிருக்கிறாள்.

ஜூன் 6, வெள்ளி

கேம் பெட்டியைப் பற்றி எழுதாவிட்டால் படிக்கிறவர்களுக்குப் புரியாது.

ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்தபோது நடமாடாதே என்றார்கள். நான் அடங்குகிற ஆளில்லை. துரை வாங்கிப்போட்டு, டி.வி.க்குக் கீழே தூசி அடைந்து கிடந்த பெட்டியைச் சுதாதான் துடைத்து எடுத்தாள். கண்ட்ரோலரை என் கையில் கொடுத்து, "அத்தை, இந்தக் காட்டுக்குள்ள பூதம் திரியுது. எந்திரிச்சியன்னா மிதிச்சிரும். உக்காந்தே அடிங்க" என்றாள்.

பூத வேட்டை விளையாட்டு. காடு, மலை, சேற்று நிலம் எல்லாம் உண்டு. வீட்டை விடப் பெரிய பூதங்கள் உண்டு. கிளம்புவதற்கு முன்னால் கூடாரத்து அடுப்பில் சாப்பிட்டுவிட்டுப் போக வேண்டும். சாப்பிட்டால் உயிர்க்கோடு நீளும். சாப்பிடாமல் போனால் பாதிதான். பூதம் விழுந்ததும் ஓடிப்போய் அதன் முதுகு ஓட்டையும் கொம்பையும் அறுத்து எடுத்துக்கொள்ள வேண்டும். அதில்தான் அடுத்த ஆயுதம் செய்யலாம். என் ஆயுதம் ஒரு பெரிய சம்மட்டி. நான் உலக்கை என்பேன். அதைத் தூக்கினால் இறக்குவதற்கு நேரம் பிடிக்கும். ஆனால் இறங்கினால் இறங்கியதுதான்.

சுதாவுக்கு வில். அவள் விளையாடுவதை உட்கார்ந்து பார்க்கவே ஒரு கொடுப்பினை வேண்டும். பூதம் பாயப் போவது பூதத்துக்கே தெரிவதற்கு முன்னால் அவளுக்குத் தெரியும். ஒரு எட்டுத் தள்ளி நிற்பாள். அது வெறும் மண்ணைக் கவ்வும். ரத்தக் குழாய் தேடி ஊசி போட்ட கை அல்லவா. என்னிடம் கேட்டால், அந்த லேபில் அவளுக்குச் சமமாக ஒருத்தி இருக்க மாட்டாள். யாரும் கேட்கவில்லை.

இரண்டு விதமாக விளையாடலாம். ஆன்லைனில் போனால் மற்றவர்களோடு சேர்ந்து வேட்டை. ஒரே ஹாலில் சோபாவில் டி.வி. பெட்டியோடு நானும் தரையில் சின்னப் பெட்டியோடு அவளுமாக இருந்துகொண்டே ஆன்லைனில் சேர்ந்துகொள்வோம். ஆஃப்லைன் என்றால் தனி வேட்டை. துணைக்கு ஒரு கீரிப்பிள்ளை மட்டும் வரும்.

இப்போது நான் ஆஃப்லைன். அதிலும் சௌகரியம் உண்டு. நான் நிறுத்தினால் காடே நிற்கும். பால் பொங்கினால் போய் இறக்கிவிட்டு வரலாம். பூதம் தூக்கிய காலைத் தூக்கியபடியே காத்திருக்கும். இந்த வீட்டில் எனக்காகக் காத்திருக்கிற ஒரே ஜீவன் அதுதான்.

ஆனால் தனியாகப் போனால் பூதத்துக்கு உன்னை விட்டால் வேறு வேலை இல்லை. மருந்து குடிக்கக்கூட விடாது. சுதா இருந்தால் அந்தப் பக்கம் நின்று ஒரு அம்பு விடுவாள். அது அவளைத் திரும்பிப் பார்க்கும். அந்த நேரத்தில் நான் மருந்தைக் குடித்துவிட்டு உலக்கையைத் தூக்குவேன்.

ஆன்லைனில் போனால் என் பேருக்குப் பக்கத்தில் பச்சைப் புள்ளி எரியும். நான் வந்திருப்பது அவளுக்குத் தெரிந்துவிடும். நானாகப் போய் நிற்க முடியாது.

ஜூன் 9, திங்கள்

இன்று அவியல் வைத்தேன். அவியல் என்றால் எனக்கு அந்தக் கல்யாணம்தான் ஞாபகம் வரும்.

சுதா கல்யாணம். சங்கரன்கோவில் மண்டபம். முதல் பந்தியில் மாப்பிள்ளை வீட்டாரைக் கூப்பிட்டு உட்கார வைப்பது முறை. மாப்பிள்ளைக்கு அம்மா நான். அவர் போன பிறகு நான் எந்த விசேஷத்திலும் முன்னால் போய் நிற்பதில்லை. அதனால் தூண் ஓரமாக நாற்காலியில் இருந்தேன். என்னைத் தாண்டித்தான் எல்லோரும் பந்திக்குப் போனார்கள். சுதாவின் அம்மா அன்னபாக்கியம் மூன்று தடவை என் முன்னால் வந்தாள். ஒரு தடவை கையில் அவியல் வாளி. ஒரு தடவை அப்பளத் தட்டு. ஒரு தடவை வெறுங்கை. மூன்று தடவையும் நின்றாள், பார்த்தாள், போய்விட்டாள். வாங்க மைனி, சாப்பிடுங்க என்று ஒரு சொல் அவள் வாயில் வரவில்லை. பேரில் மட்டும் அன்னத்தை வைத்துக்கொண்டு என்ன செய்ய.

நான் சாப்பிடாமல் வந்து பஸ் ஸ்டாண்டில் ஒரு காபி குடித்தேன். காபியில் சர்க்கரை இல்லை. அன்றையிலிருந்து அந்த வீட்டில் நான் கை நனைத்ததில்லை. காதுகுத்து, புதுவீட்டுப் பால்காய்ச்சு எதற்குப் போனாலும் பிளாஸ்க்கில் என் தண்ணீரோடு போய்விட்டு வருவேன். சுதா ஒரு நாளும் ஏன் என்று கேட்டதில்லை. கேட்காததும் ஒரு புத்திசாலித்தனம்தான்.

ஜூன் 12, வியாழன்

ஆன்லைனில் தினம் ஒரு பரிசுப் பொட்டலம் கொடுப்பார்கள். அதை வாங்கத்தான் போனேன். வேறு எதற்கும் இல்லை.

போன உடனே திரையில் அழைப்பு வந்தது. சுதாவின் பேர். 'என் கூடாரத்துக்கு வாருங்கள்' என்று அந்த விளையாட்டே எழுதிக் காட்டும். கூப்பிட்டால் போக வேண்டியதுதானே. போனேன். அவள் ஆள் என்னைப் பார்த்துக் குனிந்து கும்பிட்டது. அதற்கு ஒரு பட்டன் உண்டு. சுதா ஒரு நாளும் அதை அமுக்கியதில்லை. பத்து நாள் பிரிவு, மரியாதை வந்துவிட்டது போல என்று நினைத்துக்கொண்டேன். அவள் கூடாரத்து அடுப்பில் இரண்டு பேரும் சாப்பிட்டோம். கிளம்பினோம்.

என்ன சொல்ல. அம்பை மரத்தில் விட்டாள். பாறையில் விட்டாள். ஒன்றை என் முதுகில் விட்டாள். பூதம் வலப்பக்கம் இருக்க இடப்பக்கமாக ஓடிப் பள்ளத்தில் விழுந்தாள். ஆன்லைனில் ஒரு சட்டம் உண்டு. இருவரில் யார் விழுந்தாலும் கணக்கு ஒன்றுதான். மொத்தம் மூன்று விழுகை ஆகிவிட்டால் வேட்டை எல்லோருக்கும் தோல்வி. மூன்றையும் அவளே விழுந்து தீர்த்துவிட்டாள்.

கோபம் வந்தது. பிறகு பயம் வந்தது. பிள்ளைக்குக் கையில் ஏதும் அடியோ. கண் தெரியாத அளவுக்கு அழுகிறாளோ.

சாயங்காலம் துரையிடம், "ஏல, சுதாவுக்குப் போன் போட்டியா?" என்றேன்.

"போனவளுக்கு வரத் தெரியும். நீ உன் பூச்சிய அடிச்சிக்கிட்டு பேசாம இரும்மா."

இதையும் எழுதிவைத்துக்கொண்டேன்.

ஜூன் 13, வெள்ளி

காலையில் சுதாவே போன் பண்ணினாள்.

"அத்தை, நேத்து விளையாண்டது நான் இல்ல."

"பின்ன யாரு?"

"எங்கம்மா."

நான் போனை மற்றக் காதுக்கு மாற்றினேன்.

"நான் ரூமுக்குள்ளயே கெடக்கேன்னு அவியளுக்குக் கவலை. அந்த வீட்டுல அப்படி என்னத்த விட்டுட்டு வந்தேன்னு கேட்டாவ. வேட்டையச் சொன்னேன். நாலு நாளா அந்தப் பெட்டியக் கீழ வைக்க மாட்டேங்காவ. உங்க பேருல பச்சை எரிஞ்சதும் நான் வேண்டாம் வேண்டாம்ங்கேன், அழைப்ப அமுக்கிட்டாவ. பேசணும்னா என்ன பேசன்னு தெரியாதாம். இதுல பேச வேண்டாம்லா."

"உங்கம்மாவுக்குக் காய்ச்சல் எப்படி இருக்கு?" என்று கேட்டேன்.

"காய்ச்சலா?" என்றாள். பிறகு, "சரியாயிட்டு அத்தை" என்றாள்.

துரை என்ன சொன்னான் என்று அவள் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

ஜூன் 14, சனி

தெரியாமல் சாப்பிட்டது கணக்கில் சேராது. யாரை வேண்டுமானாலும் கேட்கலாம்.

ஜூன் 17, செவ்வாய்

மறுபடியும் அழைப்பு. மறுபடியும் கும்பிடு. வேட்டைக்குக் கூப்பிட்டால் போகிறேன். அதில் ஒன்றும் இல்லை. ஆனால் திரையில் பேர் யாருடையதாக இருந்தாலும், கூடாரத்தைத் திறந்து கூப்பிடுகிறது யாரோ அடுப்பு அவர்களுடையது. அங்கே கை நனைக்க மாட்டேன். அன்னபாக்கியம் அடுப்படியில் உட்கார்ந்து சாப்பிட்டாள். நான் கூடாரத்துக்கு வெளியே வந்து மரத்தடியில் நின்றேன். அவள் எழுந்து வந்து என்னைப் பார்த்தாள், அடுப்பைப் பார்த்தாள், குனிந்து கும்பிட்டாள். நான் உலக்கையைத் தோளில் போட்டுக்கொண்டு முன்னால் நடந்தேன்.

பாதி உயிர்க்கோட்டோடு வேட்டை. ஆன்லைனில் பூதத்துக்குச் சதை கூடுதல். கீரியும் கூட வராது. பால் பொங்கினாலும் நிறுத்த முடியாது. ஒரு தட்டு தட்டியது, நான் மல்லாந்துவிட்டேன். இரண்டு தடவை நான், ஒரு தடவை அவள். தோல்வி.

போன் வந்தது. "அத்தை, சாப்பிடாம போனா எப்படி நிப்பிய?"

"எனக்குப் பசிக்கல."

"அது கேம் அத்தை. அந்தக் கறி நெசக் கறி இல்ல."

"அடுப்பு உங்கம்மா அடுப்புதான?"

பின்னால் ஒரு குரல் ஏதோ கேட்டது. சுதா போனைப் பொத்திக்கொண்டாள்.

நியாயத்தைச் சொல்ல வேண்டும். அன்னபாக்கியத்துக்குக் கை வேகம் கிடையாது, குறியும் கிடையாது. ஆனால் விழுந்தால் எழுந்து வருகிறாள். கூடாரத்தில் இருந்து காடு முழுக்கத் தனியாக ஓடி, நான் நிற்கிற இடத்துக்கு வந்து சேருகிறாள். வருகிற வழியில் சின்னப் பூதங்கள் கடித்தாலும் நிற்பதில்லை. நானாக இருந்தால் கண்ட்ரோலரைத் தூக்கிப் போட்டிருப்பேன்.

ஜூன் 19, வியாழன்

பால்காரன் இன்று வரவில்லை. நானே மாடிப்படி இறங்கினேன். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, நல்ல காலை முதலில் வைக்காமல் ஆபரேஷன் காலை முதலில் வைத்து, அவர்கள் சொல்லிக் கொடுத்தபடி. பால் வாங்கி, முக்குக் கடையில் கத்திரிக்காயும் வாங்கி, ஏறி வந்தேன். ஏறும்போதுதான் வலி. இறங்கும்போது பயம் மட்டும்தான். கேஸ் சிலிண்டர்காரன் வந்தான், அவனையும் நானே பார்த்துக்கொண்டேன்.

துரை ராத்திரிச் சாப்பாட்டைச் சாப்பிட்டான். கத்திரிக்காய் எப்படி வந்தது என்று கேட்கவில்லை. என் தங்கை மகனிடம் போனில் பேசிக்கொண்டிருந்தான். "நான் வேண்டாம்னா சொல்லுதேன்? அம்மாவால எந்திரிச்சி நடக்கவே முடியல. அதான் பிரச்சினை."

கத்திரிக்காயை மென்றுகொண்டே சொன்னான்.

என் முழங்காலைக் காரணமாகச் சொல்கிறவன் அந்த முழங்கால்காரியிடம் ஒரு வார்த்தை கேட்க வேண்டாமா? அன்னபாக்கியம் மேல் ஒரு வருத்தம்தான் வைத்திருந்தேன். இப்போது இவன் மேலும் ஒன்று சேர்ந்துவிட்டது. வைக்க இடம் இருக்கிறது.

ஜூன் 22, ஞாயிறு

இன்று நடந்ததை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை.

துரை வெளியே போன பிறகு பெட்டியைப் போட்டேன். அழைப்பு வந்தது. அன்னபாக்கியம் வில்லை விட்டுவிட்டாள். முதுகில் பெரிய ஊதுகொம்பு. அந்த விளையாட்டில் அதுவும் ஒரு ஆயுதம்தான். சுதா அதைத் தொட்டதே இல்லை. அதை வைத்து அடிக்க முடியாது என்று நான்கூடச் சிரித்திருக்கிறேன்.

வழக்கம்போல நான் சாப்பிடவில்லை. மரத்தடிக்குப் போனேன். பூதம் வந்தது. முதல் அடியிலேயே என் உயிர்க்கோடு நூலாகிவிட்டது. அன்னபாக்கியம் பின்னால் நின்று கொம்பை ஊதினாள். திரையில் பச்சை வெளிச்சம் பரவியது. என் கோடு நீண்டது. இன்னொரு தடவை ஊதினாள். இன்னும் நீண்டது. சாப்பிட்டால் எவ்வளவு நீளுமோ அந்த அளவுக்கு வந்து நின்றது.

அந்தக் கொம்புச் சத்தத்துக்குள் நிற்கிறவர்களுக்கெல்லாம் உயிர் ஏறுமாம். பிறகு சுதாதான் சொன்னாள். நான் சாப்பிட மாட்டேன் என்று தெரிந்த பிறகு அவள் அம்மா ஒவ்வொரு ஆயுதமாக எடுத்துப் பார்த்திருக்கிறாள். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எழுத்துக் கூட்டிப் படித்திருக்கிறாள். கடைசியில் இதைக் கண்டுபிடித்து, இதில் கை நனைக்க வேண்டாம்லா என்று கேட்டாளாம்.

ஊதிக்கொண்டே இருந்தாள். ஊதும்போது நகர முடியாது. பூதம் அவளை மிதித்தது. எழுந்தாள், ஊதினாள். நான் உலக்கையைத் தூக்கினேன்.

இந்த மாதிரி ஒரு பிடிவாதத்தை நான் பார்த்ததில்லை. கண்ணாடியில் பார்த்திருக்கலாம்.

ஜூன் 25, புதன்

இரும்புப் பூரான் விழுந்தது.

உடம்பெல்லாம் இரும்பு ஓடு, ரயில் மாதிரி நீளம். நானும் சுதாவும் சேர்ந்தே அதனிடம் தோற்றிருக்கிறோம். இன்று அன்னபாக்கியமும் நானும். அவள் ஒரு தடவை விழுந்தாள், நான் ஒரு தடவை. இன்னொரு விழுகை விழுந்தால் முடிந்தது. பூரான் என்னைச் சுருட்டப் பார்த்தது. அவள் குறுக்கே வந்து நின்று ஊதினாள். அது அவளைத் திரும்பிப் பார்த்தது. சுதா அம்பு விட்டால் திரும்புமே, அதே மாதிரி. அந்த ஒரு நொடி போதும் எனக்கு. உலக்கை தலையில் இறங்கியது.

இனி அறுத்து எடுக்க வேண்டும். ஒரு நிமிஷம்தான் கொடுப்பார்கள். பிறகு தானாகக் கூடாரத்துக்குக் கொண்டுபோய்விடும்.

நான் நின்றேன். கூடாரம் அவளுடையது. வேட்டைக்குக் கூப்பிட்டது அவள். எடுங்க என்று அவள் சொல்லாமல் நானாகக் குனிந்து எடுத்தால் நன்றாகவா இருக்கும்? காத்திருந்தேன். அவளும் எடுக்கவில்லை. கையைக் கட்டிக்கொண்டு எனக்கு நேர் எதிரே நின்றாள். நான் அவளைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்த்தாள். நடுவில் பூரான் செத்துக் கிடந்தது. நிமிஷம் முடிந்தது. இரண்டு பேருக்கும் ஒரு ஓடுகூட இல்லை.

போன் வந்தது. சுதா பேசவில்லை. சிரித்துக்கொண்டிருந்தாள். மூச்சு வாங்கச் சிரித்தாள். அவள் போன பிறகு அந்தச் சிரிப்பை இன்றைக்குத்தான் கேட்கிறேன்.

"அத்தை, இந்தப் பூரானுக்காக எத்தன நாளு அடிச்சிய. ரெண்டு பேரும் கருமாதி வீட்டுல நிக்க மாதிரி நிக்கியளே."

"உங்கம்மா ஏன் எடுக்கல?"

"மாப்பிள்ளை வீட்டாரு எடுக்காம நான் எப்படிட்டி எடுக்கங்காவ."

பின்னால் அன்னபாக்கியத்தின் குரல் கேட்டது. "அவியகிட்டக் கொடு, நான் பேசுதேன்." பிறகு, "வேண்டாம், நீயே சொல்லு." பிறகு போன் கை மாறியது. மூச்சுச் சத்தம் மட்டும் வந்தது. நான் முதலில் பேசுவதாக இல்லை.

"மைனி," என்றாள். "அன்னைக்கு மண்டபத்துலயும் இதேதான். கூப்பிட மூணு வாட்டி வந்தேன். நீங்க பாத்த பார்வையில எனக்கு வாய் வரல. பொண்ணக் கொடுத்த எடம். தப்பா ஒரு வார்த்த விழுந்துரக் கூடாதுன்னு வாளியத் தூக்கிக்கிட்டுத் திரும்பிட்டேன். மூணாவது வாட்டி வாளிய வச்சிட்டு வந்தேன். அப்பவும் வரல."

மூன்று தடவை வந்தாள் என்பது என் ஞாபகத்தில்தானே இருந்தது. நான்தானே முதலில் எழுதினேன், மேலே பார்க்கலாம். மூன்றாம் தடவை வெறுங்கை என்றுகூட எழுதியிருக்கிறேன். என் ஞாபகத்தில் ஒரு தப்பும் கிடையாது.

"பால் வச்சிருக்கேன்," என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன். பால் வைக்கவில்லை.

ஜூன் 28, சனி

ஆஃப்லைனில் ஒரு வேட்டை. கீரி நன்றாகத்தான் ஓடியது. நிறுத்தி வைத்துவிட்டு வெகு நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். பூதமும் காலைத் தூக்கிக்கொண்டு நின்றது.

துரை இன்றும் போன் பண்ணவில்லை. சுதா கூப்பிடாமல் வர மாட்டாள். வரவும் கூடாது. நானாக இருந்தாலும் வர மாட்டேன்.

ஜூன் 29, ஞாயிறு

துரை எழுந்திருப்பதற்கு முன்னால் கிளம்பிவிட்டேன். ஆட்டோவில் புது பஸ் ஸ்டாண்டு. பஸ் படி உயரம். கண்டக்டர் கையைக் கொடுத்தான். பிடிக்காமல் கம்பியைப் பிடித்து ஏறினேன். ஜன்னல் ஓரத்தில் காலை நீட்டிக்கொள்ள இடம் கிடைத்தது. பிளாஸ்க்கில் தண்ணீர் கொண்டுபோகவில்லை. அவசரத்தில் மறந்துவிட்டது.

சங்கரன்கோவிலில் அன்னபாக்கியம்தான் கதவைத் திறந்தாள். ஒல்லியாகிவிட்டாள். கையில் சின்னப் பெட்டி. என்னைப் பார்த்ததும் அதை முந்தானைக்குள் ஒளித்தாள், பரீட்சையில் பிட் வைத்திருப்பவள் மாதிரி. வாய் திறந்தது. சத்தம் வரவில்லை.

உள்ளே இருந்து சுதா வந்தாள். "அத்தே. யாரு கூட வந்திய?"

"யாரு கூடயும் வரல. பஸ்ல வந்தேன்." வாசலிலேயே நின்று சொன்னேன். "சுதா, நாளன்னைக்கு நீ வேலைக்குப் போகணும். உன்னைக் கூப்பிட வந்திருக்கேன்."

"அவிய கூப்பிடலயே அத்தை."

"அவன் கூப்பிட மாட்டான். அவங்கப்பனும் அப்படித்தான். வீடு யார் பேர்ல இருக்கு?"

"உங்க பேர்ல."

"அப்ப கூப்பிட வேண்டியது யாரு?"

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "உங்கள யாரு பாத்துக்கிடுவா?"

"எங் கால எங்கூடயே கொண்டுவந்திருக்கேன், பாத்துக்கோ. மாடிப்படி எறங்குதேன். பஸ் ஏறுதேன். இரும்புப் பூரான அடிச்சிருக்கேன். கரண்டிய நான் முழங்காலாலயா புடிக்கேன்?"

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. துணியை எடுத்து வைக்க உள்ளே போனாள்.

நானும் அன்னபாக்கியமும் மட்டும் நின்றோம். அவள் அடுப்படிக்குப் போனாள். வந்தாள். ஒரு வாழை இலையை விரித்தாள். தண்ணீர் தெளித்தாள். நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். வாய் அசைந்தது. அன்றைக்குப் போலவே ஒன்றும் வரவில்லை. அப்புறம் அவள் இரண்டு கையையும் நெஞ்சில் சேர்த்து, இடுப்பை மடக்கிக் குனிந்தாள். அந்த விளையாட்டில் அவள் ஆள் குனிகிற அதே குனிவு.

நான் போய்க் கையைக் கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தேன்.

சோறு, பருப்பு, அவியல், ரசம். அவியலில் சேனைக்கிழங்கு குழையாமல் வெந்திருந்தது. என்னால் அப்படி வைக்க முடியாது. ரசத்தில் உப்பு ஒரு கல் தூக்கல். அதையும் எழுதிவைக்கிறேன்.

கிளம்பும்போது சுதா சின்னப் பெட்டியைப் பைக்குள் வைக்கவில்லை. அம்மா கையிலேயே விட்டுவிட்டு வந்தாள்.

ஜூன் 30, திங்கள்

துரை இரண்டு பேரிடமும் முகம் கொடுத்துப் பேசவில்லை. சாயங்காலம் என்னிடம் வந்து, "நாளைக்குக் கீழ விழுந்தா என்னம்மா பண்ணுவ?" என்றான்.

"எந்திரிச்சி வருவேன். சங்கரன்கோவில்ல ஒருத்திகிட்டப் படிச்சிருக்கேன்" என்றேன். அவனுக்குப் புரியவில்லை. அவன் போனில் பேசியது எனக்கு மறக்காது. அது அப்படியே இருக்கிறது.

ஜூலை 1, செவ்வாய்

சுதா வேலைக்குப் போய்விட்டாள். வெள்ளைக் கோட்டை மடித்துக் கையில் போட்டுக்கொண்டு படி இறங்கினாள். மேலே நின்று பார்த்தேன். பூதத்துக்கு முன்னால் ஒரு எட்டு வைப்பாளே, அந்த நடை.

துரை காலையில் தன் டிபன் பாக்ஸைத் தானே கட்டிக்கொண்டான். மூடி சரியாக மூடவில்லை. நான் சொல்லவில்லை. என்னைக் கேட்கவில்லையே.

வீட்டில் நான் மட்டும். கத்திரிக்காய் நறுக்கி வைத்தேன். துணி காயப்போட்டேன். பெட்டியைப் போட்டேன். ஆன்லைனா ஆஃப்லைனா என்று கேட்டது. பால் அடுப்பில் இல்லை என்று ஒரு தடவை பார்த்துவிட்டு ஆன்லைனை அமுக்கினேன்.

சங்கரன்கோவிலில் பச்சைப் புள்ளி எரிந்துகொண்டிருந்தது. இந்தத் தடவை அழைப்பு அங்கிருந்து வருவதற்குள் நான் அனுப்பிவிட்டேன். என் கூடாரம். என் அடுப்பு. வந்தாள், குனிந்தாள், உட்கார்ந்தாள். இரண்டு பேரும் சாப்பிட்டோம். அவள் கொம்பை எடுத்துக்கொண்டாள். நான் உலக்கையை எடுத்துக்கொண்டேன்.

பூரான் மறுபடியும் விழுந்தது. அவள் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். நானும் நின்றேன். மேலே நிமிஷம் ஓடிக்கொண்டிருந்தது. இப்படியே இன்னும் எத்தனை பூரானை வீணாக்குவது.

எனக்கு அந்தக் கும்பிடு பட்டன் எது என்று தெரியாது. இதுவரை அமுக்கியதில்லை. ஒவ்வொன்றாக அமுக்கிப் பார்த்தேன். ஒன்றில் கையாட்டினேன். ஒன்றில் தரையில் படுத்தேன். ஒன்றில் குனிந்து கும்பிட்டேன்.

அன்னபாக்கியம் முதலில் எடுத்தாள். அடுத்து நான் எடுத்தேன். நேரம் மிச்சமிருந்தது.